தர்மம், தம்மம், தன்மம்: ஒரே சொல்லைப் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: தர்மம் என்றாலே நமக்கு அன்னதானமும் பிச்சை போடுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு பெரிய தத்துவச் சொல்லைத் தமிழர்கள் சுருக்கிவிட்டோமா?

பதில்: இல்லை. தமிழில் இந்தச் சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்றிலேயே அது கொடையைத்தான் குறிக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைப் பாருங்கள். அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு, நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுத்தி குகையில் பள்ளி வெட்டுவித்துக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தக் கொடையைக் குறிக்கும் சொல் "தம்மம்". முதல் எழுத்தைக் கவனியுங்கள். தமிழுக்குத் தேவைப்படாத, தகர வர்க்கத்தின் நான்காம் எழுத்தை வடபிராமியிலிருந்து வாங்கிப் பொறித்திருக்கிறார்கள். சொல் பிராகிருதத்திலிருந்து வந்தது என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சாட்சி.

பிற்காலக் கோயில் கல்வெட்டுகளிலும் இதே வழக்குதான். "இத்தன்மம்" என்றால் இந்த அறக்கட்டளை: எரியும் விளக்கு, எழுதி வைத்த நிலம், அதற்கான ஏற்பாடு எல்லாம் அதில் அடங்கும். "இந்தத் தன்மத்துக்கு அகிதம் (கேடு) பண்ணினவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான்" என்ற எச்சரிக்கை வரியில் தன்மத்துக்கு "நீதி" என்றோ "மதம்" என்றோ பொருள் கொண்டால் வரியே குலைந்துவிடும். தர்மகர்த்தா, தர்ம சத்திரம், தர்ம தரிசனம் எல்லாம் இந்தக் கிளையில் வந்தவை.

கேள்வி: அப்படியானால் வேதத்தில் மூலப் பொருள் என்ன?

பதில்: வேர் "த்ரு": தாங்குதல், பிடித்து நிறுத்துதல். ரிக்வேதத்தில் நாம் இன்று சொல்லும் வடிவம் இல்லை. "தர்மன்" என்ற நகர ஈற்றுச் சொல் இருக்கிறது. அது அஃறிணைப் பாலில் வந்தால் தாங்கும் நிலை, விதி. ஆண்பாலில் வந்தால் தாங்குபவன். புருஷ சூக்தத்தின் கடைசி மந்திரத்தில் (10.90.16) "தானி தர்மாணி ப்ரதமான்யாஸன்" என்று வருகிறது. வேள்வியால் தேவர்கள் வேள்வியைச் செய்தார்கள், அவையே முதல் தர்மங்கள் என்கிறது. இங்கே தர்மங்கள் என்பவை உலகைத் தாங்கி நிறுத்தும் சடங்கு ஒழுங்குகள். ஒழுக்க போதனையை இதற்குள் புகுத்தக் கூடாது.

உபநிடதத்தில் சொல் நகர்ந்துவிடுகிறது. பிருகதாரண்யகம் 1.4.14 தர்மமும் சத்தியமும் ஒன்றே என்கிறது. உண்மை பேசுகிறவனைத் தர்மம் பேசுகிறான் என்றும், தர்மம் பேசுகிறவனை உண்மை பேசுகிறான் என்றும் சொல்வார்கள் என விளக்கமும் தருகிறது. பிறகு வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன மீமாம்சகர்கள் மறுபடியும் இறுக்கிப் பிடித்தார்கள். ஜைமினி சூத்திரம் 1.1.2-இன்படி, வேதத்தின் ஏவல் வாக்கியத்தால் மட்டுமே அறியப்படும் நன்மை எதுவோ அதுவே தர்மம்.

கேள்வி: பாலி மொழிப் பௌத்த நூலான தம்மபதத்தில் "ஸப்பே தம்மா அனத்தா" என்ற அடியை "எல்லா அறங்களும் ஆன்மா அற்றவை" என்று மொழிபெயர்த்த பிரதி ஒன்றைப் படித்தேன். ஒன்றும் புரியவில்லை.

பதில்: மொழிபெயர்ப்பு தவறு, அதனால்தான் புரியவில்லை. அங்கே தம்மா பன்மை. பாலியில் தம்மம் பன்மையில் வந்தால் முதலில் "இருப்பவை, நிகழ்பவை, மனத்தில் எழுபவை" என்று பார்க்க வேண்டும். "இருப்பவை அனைத்தும் தான் என்பது அற்றவை" என்பதே அடியின் பொருள்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. 277, 278, 279 மூன்று பாடல்களையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இரண்டில் "ஸப்பே ஸங்காரா" நிலையற்றவை, துக்கமானவை என்று வருகிறது. மூன்றாவதில் மட்டும் "ஸங்காரா" விலகி "தம்மா" வருகிறது. ஸங்காரம் என்பது காரணங்கள் கூடி உண்டானது. நிப்பானம், அதாவது நிர்வாணம், அப்படி உண்டானது அன்று. ஆகவே அதை நிலையற்றது என்றோ துக்கம் என்றோ சொல்ல முடியாது. ஆனால் அதுவும் ஒரு தம்மம்தான், அதிலும் "தான்" இல்லை. அதனால் மூன்றாம் பாட்டில் அகன்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் "எல்லாப் பொருள்களும்" என்று ஒரே தொடரைப் போடும் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு முழுக்கத் தொலைந்துபோகிறது.

அதே நூலின் 5ஆம் பாடலில் பகை பகையால் தணியாது, பகையின்மையால் தணியும் என்று சொல்லிவிட்டு "ஏஸ தம்மோ ஸனந்தனோ" என்று முடிகிறது. ஒருமை, இங்கே தம்மம் என்பது என்றுமுள்ள நியதி. 20ஆம் பாடலில் தம்மத்தைப் பின்பற்றி நடப்பவன் வருகிறான். அங்கே புத்தரின் போதனை. மூன்று பொருளும் ஒரே நூலுக்குள்ளேயே கிடைக்கின்றன.

கேள்வி: பௌத்தத்தில் தர்மங்கள் 75 என்றும் 82 என்றும் 100 என்றும் படிக்கிறேன். எது சரி?

பதில்: மூன்றும் சரி, பௌத்தத் தத்துவப் பிரிவுகள் வேறு. சர்வாஸ்திவாதிகள் 75, தேரவாத அபிதம்மம் 82, யோகாசாரம் 100. இவை ஒழுக்க விதிகளின் எண்ணிக்கை அல்ல. அனுபவத்தைப் பிரித்துப் பிரித்து, இதற்கு மேல் பிரிக்க முடியாது என்று நிறுத்திய கூறுகள். தன் தனி இலக்கணத்தைத் தாங்குவதால் தர்மம் என்று அபிதர்மகோசம் என்ற பௌத்த நூலின் உரை வேரோடு பொருத்திக் காட்டுகிறது.

கேள்வி: மணிமேகலையில் சமணக் கொள்கையைச் சொல்லும் நிகண்டவாதி "தன்மாத்திகாயம்", "அதன்மாத்திகாயம்" என்கிறான். அதன்மம் என்றால் பாவம்தானே? அதை ஏன் பொருள்களின் பட்டியலில் சேர்க்கிறான்?

பதில்: பாவம் அன்று. சொல்லை இப்படிப் பிரியுங்கள்: தன்மம் + அத்திகாயம். அத்திகாயம் என்பது அஸ்திகாயம், அதாவது இடத்தில் பரவியிருக்கும் உள்பொருள். சமணத் தத்துவத்தில் தர்மம் என்பது இயக்கத்துக்குத் துணைநிற்கும் ஊடகம்; அதர்மம் என்பது நிற்பதற்குத் துணைநிற்கும் ஊடகம். சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் 5.17 இதைச் சொல்கிறது. மீனுக்கு நீர் போலத் தர்மம், வழிப்போக்கனுக்கு மரநிழல் போல அதர்மம் என்பது வழக்கமான உவமை. நீர் மீனைத் தள்ளுவதில்லை, நிழல் யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை; ஆனால் அவை இல்லாமல் நீந்தவும் முடியாது, இளைப்பாறவும் முடியாது. விடுபட்ட உயிர் மேல்நோக்கிச் சென்று உலகின் உச்சியில் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கும் சமணரில் ஒரு பிரிவினரான திகம்பரர்கள் இதையே விடையாகத் தருகிறார்கள்: அதற்கு மேல் தர்மாத்திகாயம் இல்லை.

இதே சமணர்கள் ஒழுக்கப் பொருளிலும் சொல்லை ஆள்கிறார்கள். தசவைகாலிக சூத்திரத்தின் முதல் பாட்டில் தம்மமே சிறந்த மங்கலம். அகிம்சை, அடக்கம், தவம் ஆகியவையே அது. ஆகாயம், புத்கலம் (சடப்பொருள்), காலம் ஆகியவை பக்கத்தில் நின்றால் ஊடகம் என்று கொள்ளுங்கள். அகிம்சையும் தவமும் நின்றால் ஒழுக்கம்.

கேள்வி: அசோகரின் தம்மம் பௌத்தம்தானே?

பதில்: அசோகர் பௌத்தர், ஆனால் கல்வெட்டுகளில் மக்களுக்கு அவர் சொன்ன தம்மம் அதைவிட அகலமானது. இரண்டாம் தூண் சாசனத்தில் தம்மம் எது என்று அவரே கேட்டுப் பதில் தருகிறார்: குறைந்த தீமை, மிகுந்த நன்மை, இரக்கம், கொடை, உண்மை, தூய்மை. பௌத்தத்தின் நான்கு வாய்மைகளோ நிப்பானமோ அதில் இல்லை. கந்தகாரில் 1958-இல் கிடைத்த இருமொழிக் கல்வெட்டில் இதே சொல்லுக்குக் கிரேக்கத்தில் பயபக்தியைக் குறிக்கும் "யூசெபேயா" வருகிறது. அரமேய மொழியில் உண்மையைக் குறிக்கும் சொல் வருகிறது. அந்தக் கால மொழிபெயர்ப்பாளர்களே ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

கேள்வி: தர்க்க நூலில் "தர்மி" என்றால் தர்மவானா?

பதில்: இல்லை. அங்கே தர்மம் பண்பு, தர்மி அந்தப் பண்பை உடைய பொருள். மலையில் நெருப்பு என்றால் மலை தர்மி, நெருப்புடைமை தர்மம்.

கேள்வி: அறம் என்பதும் தர்மம் என்பதும் ஒன்றா?

பதில்: ஒரு பெரிய பகுதியில் ஒன்றோடொன்று பொருந்தும், முழுக்கப் பொருந்தாது. குறளில் தருமம் என்ற சொல்லே இல்லை, அறம்தான். "மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்" என்னும்போது அளவுகோல் மனத்தூய்மை. பரிமேலழகர் உரை தொடங்கும்போது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழித்தலும் அறம் என்கிறார். அது தர்மசாஸ்திரத்தின் வரையறை. குறள் அப்படி எங்கும் சொல்லவில்லை. உரையின் பொருளை மூலத்தின் மேல் ஏற்றிப் படிப்பதுதான் இங்கே அடிக்கடி நிகழும் பிழை. மணிமேகலையோ உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் தருவதைத் தவிர வேறு அறம் கண்டதில்லை என்கிறது. அதே நூல் "புத்த தன்ம சங்கம்" என்னும்போது அறம் என்று மாற்றாமல் தன்மம் என்றே வைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே அது மும்மணிகளில் ஒன்றின் பெயர்.

கேள்வி: கீதையில் "எல்லாத் தர்மங்களையும் விட்டுவிடு" (18.66) என்றால் ஒழுக்கத்தையே விடச் சொல்கிறாரா?

பதில்: தமிழ் வைணவ உரைகாரர்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தருகிறார்கள். அங்கே தர்மம் என்பது பலனை அடைவதற்கான சாதனம். விடவேண்டியது அவற்றையே உபாயமாகப் பற்றும் எண்ணம். அந்த அத்தியாயத்திலேயே சற்று முன்னால் (18.47) தன் தர்மத்தைக் குறைவுபடச் செய்தாலும் அதுவே மேல் என்று வருகிறதே, அங்கே பொருள் கடமை.

கேள்வி: பழைய நூலில் இந்தச் சொல் எதிர்ப்பட்டால் பொருளை எப்படி முடிவு செய்வது?

பதில்: முதலில் ஒருமையா பன்மையா என்று பாருங்கள். பௌத்த நூலில் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். அடுத்து, எதனோடு ஜோடி சேர்கிறது: அர்த்தம், காமத்தோடு என்றால் புருஷார்த்தம் (வாழ்வின் குறிக்கோள்களில் ஒன்று), வினயத்தோடு (துறவியர் ஒழுங்கு விதி) என்றால் புத்தரின் போதனை, தர்மியோடு என்றால் பண்பு. பிறகு வினைச்சொல்: "சரதி" என்றால் நடக்கும் ஒழுக்கம், "தேசேதி" என்றால் போதிக்கும் கொள்கை, கல்வெட்டில் "செய்தான், ரக்ஷித்தான்" என்றால் அறக்கட்டளை. அகராதியைக் கடைசியில் திறங்கள். வெவ்வேறு நூற்றாண்டின் பொருள்களை அது ஒரே பத்தியில் அடுக்கியிருக்கும். முதலில் திறந்தால் பிடித்ததை எடுத்துவிடத் தோன்றும்.

கேள்வி: தன்மம், தன்மை இரண்டும் ஒரே வேரா?

பதில்: இல்லை. தன்மம் என்பது கர்மம் "கன்மம்" ஆனது போலத் தர்மம் திரிந்தது. தன்மை என்பது தன் + மை. இயல்பு என்ற பொருளில் இரண்டும் நெருங்கி வருவதால் ஏடு பெயர்த்தெழுதும்போதும் படிக்கும்போதும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. செய்யுளாக இருந்தால் எதுகையைப் பாருங்கள். அங்கும் ஐயம் என்றால் அடுத்த அடியில் வினையோ கொடையோ வருகிறதா என்று பாருங்கள்.