கடைக்கு மேல் மாடி, கையில் நோட்டீஸ்

இம்முறை லண்டன் கடைக்காரர்களின் கேள்விகளே அதிகம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2005ஆம் ஆண்டு தீப்பாதுகாப்பு ஆணைப்படி பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மளிகைக் கடையின் மேல்மாடியில் வேலையாட்கள் இருவர் தூங்குகிறார்கள். இதுவரை தீ விபத்து நடந்ததில்லை. வழக்குப் போட முடியுமா?

முடியும். தீப்பிடித்தால் உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நேரக்கூடிய நிலையில் கடமை தவறியிருந்தாலே குற்றம். தீப்பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் படிக்கட்டைப் பாருங்கள். மேலிருந்து இறங்குபவர் சரக்கு அறைக்குள் புகுந்து, அரிசி மூட்டைகளைத் தாண்டி, ஷட்டரை உயர்த்தித்தான் தெருவுக்கு வர முடியும் என்றால் அதற்கு வழி என்று பெயரில்லை. இரவில் ஷட்டர் சாவி யாரிடம் என்று தீயணைப்புத் துறை ஆய்வாளர் கேட்பார். "முதலாளி வீட்டில்" என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆபத்து உடனடியானது என்று கண்டால், மாடியில் எவரும் தூங்கக் கூடாதென அப்போதே தடை நோட்டீஸ் தரலாம். அதை மீறினால், பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் 2 ஆண்டு வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: நோட்டீஸை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா?

21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் அமலாக்க நோட்டீஸ் என்றால் வழக்கு முடியும்வரை அது நிறுத்தி வைக்கப்படும். தடை நோட்டீஸோ, கோர்ட் தனியே உத்தரவிட்டாலொழிய, தொடர்ந்து அமலில் இருக்கும். தீத்தடுப்புக் கதவு வரத் தாமதம் என்பதுதான் சிக்கல் என்றால், கெடு முடியும் முன்பே எழுதி அவகாசம் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுப்பதைத் தச்சருக்குக் கொடுப்பது பல நேரம் லாபம்.

கேள்வி: கட்டடம் வேறொருவருடையது. தண்டனை அவருக்குத்தானே?

குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். எந்தப் பகுதி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, அதற்கு அவர் பொறுப்பு. இருவர் மீதும் வழக்கு வரலாம். கம்பெனியாகப் பதிந்திருந்தாலும், இயக்குநரின் அலட்சியம் காரணமென்றால் அவரும் கூண்டில் ஏறுவார். உள்ளாட்சி மன்றத்துக்கும் விலக்கில்லை. 2009இல் லகனால் ஹவுஸ் அடுக்குமாடித் தீயில் 6 பேர் இறந்த வழக்கில், சதர்க் கவுன்சிலுக்கு 2017இல் 2,70,000 பவுண்டு அபராதம். வழக்குச் செலவு 3,00,000 பவுண்டு தனி.

கேள்வி: வேலையாட்கள் மூன்றே பேர். தீ அபாய மதிப்பீட்டை (எங்கே தீப்பிடிக்கலாம், எப்படித் தப்பலாம் என்ற ஆய்வை) எழுதி வைக்க வேண்டுமா?

வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவென்றால் விலக்கு என்பது இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 1உடன் போய்விட்டது.

கேள்வி: ஆய்வாளர் என்று வந்தவர் அங்கேயே அபராதம் கட்டச் சொன்னார். கட்டலாமா?

கூடாது. இந்த ஆணையில் உடனடி அபராதமே கிடையாது; அபராதம் விதிப்பது கோர்ட். அடையாள அட்டையைக் கேளுங்கள். தர மறுத்தால், அவசரமில்லாத புகார்களுக்கான 101 எண்ணில் போலீஸுக்குச் சொல்லுங்கள்.