ஐரிஸ் மர்டாக்கின் நாவல்களும் தத்துவமும் எழுப்பும் அறக்கேள்வி எது?

என்னைக் கேட்டால், ஒரே கேள்விதான்: எதிரில் இருக்கும் மனிதரை நாம் உள்ளபடி பார்க்கிறோமா? என்ன செய்வது என்பதெல்லாம் மர்டாக்குக்கு அப்புறம்தான்.

மர்டாக் 1948 முதல் 1963 வரை ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்தவர். 26 நாவல்கள் எழுதியவர். அறம் என்றாலே செயல், தேர்வு என்று சக தத்துவவாதிகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மாமியாரும் மருமகளும். 1970இல் வந்த 'தி சாவரின்டி ஆஃப் குட்' கட்டுரைத் தொகுப்பில் இது இருக்கிறது. மருமகள் நாசூக்கில்லாதவள், சத்தக்காரி என்பது மாமியாரின் எண்ணம். ஆனால் வெளியே ஒரு குறையும் சொல்ல முடியாதபடி நடந்துகொள்கிறார். பிறகு, 'எனக்குப் பொறாமையாக இருக்கலாம், இன்னொரு முறை பார்ப்போம்' என்று யோசிக்கிறார். அதே பெண் இப்போது கலகலப்பானவளாகத் தெரிகிறாள். மாமியாரின் நடத்தை துளியும் மாறவில்லை. மருமகள் இறந்தே போயிருந்தாலும் சரி, அவர் அறம் சார்ந்த ஒரு வேலையைச் செய்துவிட்டார் என்கிறார் மர்டாக். இந்தப் பார்வைக்கு அவர் வைத்த பெயர் கவனம். பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்யிடமிருந்து எடுத்துக்கொண்டது.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அண்ணி காசிமேட்டுப் பெண். கீழே தெருவில் நின்றபடி "அத்தே, கூடையை இறக்குங்க!" என்று மாடிக்குக் குரல் கொடுப்பார். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் மட்டும் சுருங்கும். ஒருநாள் விடிகாலையில் அண்ணியோடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். விசைப்படகு இன்ஜின் ஒரு பக்கம், ஐஸ் பெட்டியைத் தரதரவென்று இழுப்பது ஒரு பக்கம். அதற்கு மேல் கத்தித்தான் ஏலத்தில் விலை கேட்க வேண்டும். அண்ணியின் அம்மாவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அச்சு அசல் அண்ணியின் குரலில். வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் சொன்னது: "அங்க மெதுவா பேசினா மீன் கிடைக்காதுடி. பாவம், பொறந்ததுலேர்ந்து அதுல வளந்த பொண்ணு."

இப்படிப் பார்க்கத் தவறுகிறவர்களின் கதைதான் நாவல்களில் வருகிறது. 1978இல் புக்கர் பரிசு பெற்ற 'தி சீ, தி சீ'யில் ஓய்வுபெற்ற நாடக இயக்குநர் சார்ல்ஸ் ஆரோபி, கடலோர ஊர் ஒன்றில் தன் இளவயதுக் காதலி ஹார்ட்லியைக் காண்கிறார். கணவரோடு அவள் கஷ்டப்படுகிறாள், தான் காப்பாற்ற வேண்டும் என்று அவராகவே முடிவு செய்து அவளைத் தன் வீட்டில் அடைத்து வைக்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் கெஞ்சுவது அவர் காதில் ஏறவே இல்லை. அத்தனையையும் காதல் என்றே மனதார நம்புகிறார். கதையைச் சொல்பவரும் அவரே என்பதால் வாசிக்கிற நாமும் கொஞ்ச தூரம் நம்பிவிடுகிறோம். அங்கேதான் எனக்குப் பகீரென்றது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்பாகப் பார்ப்பது என்றால் எல்லாரையும் நல்லவர்களாக நினைத்துக்கொள்வது இல்லை. அந்தப் பார்வை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்கிறார் மர்டாக். கை நீட்டும் கணவனைக் கை நீட்டுபவனாகவே பார்ப்பதும் கவனம்தான். நம் வீடுகளில் "அவங்க மனசைப் புரிஞ்சுக்கோ" என்ற புத்திமதி பெரும்பாலும் மருமகளுக்குத்தான் போகிறது. மர்டாக் அந்த வேலையை மாமியாரிடம் கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போக அதுவே முக்கியக் காரணம்.

முதலில் 1958இல் வந்த 'தி பெல்' நாவலைப் படியுங்கள். நல்லவர்களாக வாழ்வதற்கென்றே ஓரிடத்தில் கூடியவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் காணத் தவறும் கதை. கட்டுரைகளை அதற்கு அப்புறம் எடுத்தால் சுலபமாகப் பிடிபடும்.