கடற்படை விமானியாக இருந்து அட்மிரல் ஆனவர்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார், ஏன்?

அமெரிக்காவின் ஜான் ஹென்றி டவர்ஸ்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு நடந்த பசிபிக் போர் என்றதும் நிமிட்ஸ், ஹால்சி, ஸ்ப்ரூவன்ஸ் ஆகிய தளபதிகளின் பெயர்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். டவர்ஸ் எந்தப் பெரிய கடற்போரிலும் தலைமை தாங்கியவர் இல்லை. ஆனால் விமானந்தாங்கிக் கப்பல்களை நடத்தும் பொறுப்பு விமானிகளிடம் இருக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர் அவர். அதற்காக மேலதிகாரிகளின் கோபத்தையும் நிறையவே சம்பாதித்துக்கொண்டார்.

1885இல் ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் பிறந்தார். 1906இல் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் படிப்பை முடித்தார். பிறகு மிச்சிகன் என்ற போர்க்கப்பலில், பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறது என்று உயரத்திலிருந்து பார்த்துச் சொல்லும் வேலை. பீரங்கி எட்டும் தூரம் கூடிக்கொண்டே போனது. கொடிமரத்து உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் கூடவில்லை. இன்னும் மேலே போனால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். 1911இல் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கிளென் கர்டிஸிடம் கற்றுக்கொண்டு, அமெரிக்கக் கடற்படை விமானிகளில் மூன்றாம் எண்ணைப் பெற்றார். அன்றாட வேலையில் வந்த ஒரு சிக்கலுக்கு விடை தேடிப் போய் விமானி ஆனவர் என்பதே எனக்கு அவரிடம் முதலில் பிடித்த விஷயம். அடுத்த ஆண்டே கடல்விமானத்தில் 6 மணி 10 நிமிடம் தொடர்ந்து பறந்து சாதனை படைத்தார்.

1913 ஜூன் 20 அன்று செசபீக் விரிகுடாவின் மேலே பில்லிங்ஸ்லி என்ற இளம் அதிகாரி விமானத்தை ஓட்ட, டவர்ஸ் பயணியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கால விமானத்தில் சுற்றி மறைப்பு எதுவும் கிடையாது, இருக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளப் பட்டையும் கிடையாது. சுமார் 1,600 அடி உயரத்தில் விமானம் திடீரென்று தலைகுப்புறக் கவிழ்ந்தது. பில்லிங்ஸ்லி தூக்கி எறியப்பட்டு இறந்தார். விமான விபத்தில் உயிரிழந்த முதல் அமெரிக்கக் கடற்படை விமானி அவர்தான். டவர்ஸும் இருக்கையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டார், ஆனால் இறக்கைகளுக்கு நடுவே இருந்த தாங்குகம்பு கையில் சிக்கியது. விமானம் கடலில் போய் விழும்வரை அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார். பலத்த காயத்தோடு படுத்திருந்தவரைப் பார்க்க கர்டிஸ் வந்தார். நடந்ததை டவர்ஸ் ஒன்றுவிடாமல் சொன்னார், அறிக்கையாகவும் கொடுத்தார். விமானிக்கும் பயணிக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும் என்ற முடிவு அதிலிருந்துதான் வந்தது. அதே டவர்ஸ் அடுத்த ஆண்டு பென்சகோலாவில் புதிதாகத் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் 1919. விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க அமெரிக்கக் கடற்படை மூன்று பெரிய கடல்விமானங்களை அனுப்பியது: என்சி-1, என்சி-3, என்சி-4. மொத்தக் குழுவுக்கும் தலைவர் டவர்ஸ், அவர் இருந்தது என்சி-3இல். வழிகாட்ட, வழிநெடுகக் கடலில் போர்க்கப்பல்களை நிறுத்தியிருந்தார்கள். இருந்தும் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூடுபனியில் வழி தெரியாமல் போனது. எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடக் கடலில் இறங்கினார்கள். அலை அடித்த அடியில் விமானம் சேதமானது, திரும்ப மேலே எழும்ப முடியவில்லை. வால் பக்கம் முன்னால் இருக்கும்படி, காற்று தள்ளும் திசையில் கடலில் மிதக்கவிட்டு, அந்த விமானத்தைப் பாய்க்கப்பல் மாதிரி ஓட்டினார்கள். சுமார் 200 கடல் மைல், இரண்டு நாளுக்கும் மேல். இழுத்துப்போக வந்த கப்பலின் உதவியையும் மறுத்துவிட்டு, தாங்களாகவே அசோர்ஸின் பொன்டா டெல்காடா துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். என்சி-1 மூழ்கியது, அதில் இருந்தவர்களை ஒரு கிரேக்கக் கப்பல் காப்பாற்றியது. ஆல்பர்ட் ரீட் தலைமையில் என்சி-4 மட்டும் மே 27 அன்று லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. குழுத்தலைவர் என்ற முறையில் டவர்ஸ் அதில் ஏறிப் போயிருக்கலாம். வாஷிங்டன் அதற்கு அனுமதி தரவில்லை. புகழ் ரீட்டுக்குப் போனது, அது நியாயம்தான் என்றே நினைக்கிறேன். ஆனால் சேதமான விமானத்தைக் கரைசேர்த்த அந்தத் திறமைக்காக டவர்ஸைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே லாங்லி, சரடோகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுக்கும் கேப்டனாக இருந்தார். விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டனுக்கு விமானப் பயிற்சி இருக்க வேண்டும் என்று 1926இல் சட்டம் வந்திருந்தது. உடனே, நடுவயதில் இருந்த மூத்த அதிகாரிகள் அவசரமாகப் பயிற்சி எடுக்க வந்தார்கள். ஹால்சி பறக்கக் கற்றபோது அவருக்கு வயது 52. இளம் வயதிலிருந்து உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்களுக்கு இது எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1939இல் கடற்படை வானூர்தித் துறையின் தலைவரானார். போர் வருவதற்குள் விமானம், விமானி, பயிற்சித்தளம் எல்லாவற்றையும் பெருக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. தலைமைத் தளபதி எர்னஸ்ட் கிங்குக்கும் அவருக்கும் ஒத்தே போகவில்லை. 1942 அக்டோபரில் பதவி உயர்வு கொடுத்து அவரை பேர்ல் ஹார்பருக்கு அனுப்பினார்கள். அங்கே பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸோடும் உரசல். டவர்ஸ் விடவில்லை. விமானி அல்லாத தளபதிக்கு விமானி ஒருவர் தலைமை உதவியாளராக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. வேகமான விமானந்தாங்கிக் கப்பல்களின் அணி மார்க் மிட்ஷர் கைக்கு வந்தது. 1919இல் மூழ்கிய என்சி-1இன் விமானிகளில் ஒருவர்தான் இந்த மிட்ஷர்.

டவர்ஸ் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். 1944 ஜூனில் பிலிப்பைன் கடற்போரில் ஜப்பானியக் கடற்படையைத் துரத்திப் போகாமல் சைபான் தீவில் இறங்கிய படைக்குக் காவலாக ஸ்ப்ரூவன்ஸ் நின்றார். டவர்ஸ் உட்பட விமானிகள் கொதித்தார்கள். ஸ்ப்ரூவன்ஸுக்கு இடப்பட்ட பணி சைபானில் இறங்கிய படையைக் காப்பது, அதனால் அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

போர்க்காலத்தில் கடலில் தலைமை ஏற்கும் வாய்ப்பு டவர்ஸுக்கு 1945 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் சண்டை முடிந்துவிட்டது. செப்டம்பர் 2 அன்று மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது அவரும் அங்கே இருந்தார். அந்த நவம்பரில் ஐந்தாம் கடற்படையையும், 1946 பிப்ரவரியில் பசிபிக் கடற்படை முழுவதையும் பொறுப்பேற்றார். இரண்டையும் அவரிடம் ஒப்படைத்தவர் ஸ்ப்ரூவன்ஸ். 1947 டிசம்பரில் ஓய்வு பெற்று பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தில் சேர்ந்தார், 1955இல் காலமானார்.