ஆளுங்கட்சி தோற்றால் அம்மாவின் பென்ஷன் நிற்குமா?

கேள்வி (2024 நவம்பர், பாலக்காடு இடைத்தேர்தலுக்கு முன்): கேரளத்தில் பாலக்காடு கல்பாத்திப் பக்கம் குடியிருக்கிறோம். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றால் ஆட்சியே ஆடிப்போகும், அம்மாவின் விதவை பென்ஷனும் நின்றுவிடும் என்கிறார் ஒருவர். எங்கள் வாக்காளர் அட்டை எண்களை நோட்டில் குறித்துக்கொண்டார். தம்பியின் பெயரைப் பட்டியலில் சேர்க்க 500 ரூபாயும் வாங்கிப் போனார். நம்பலாமா?

பதில்: அந்த 500 ரூபாய் போனது போனதுதான். பெயர் சேர்க்கக் கட்டணமே கிடையாது. மேலும், வேட்புமனுவின் கடைசி நாளோடு இந்தத் தேர்தலுக்கான சேர்க்கை முடிந்துவிட்டது. அட்டை எண்ணை வைத்து நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. பயமுறுத்தத்தான் எண்களை நோட்டில் குறித்தார். அட்டையைக் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆட்சி ஆடுமா? கேரள சட்டசபையில் 140 இடம். 71 இருந்தால் ஆளலாம். ஆளும் இடது முன்னணி 2021-இல் பிடித்தது 99. பாலக்காடு அதில் சேர்த்தியே இல்லை. காங்கிரஸின் ஷாபி பரம்பில் 3,859 வாக்கில் வென்ற தொகுதி அது. இடது முன்னணிக்கு அன்று மூன்றாமிடம். ஷாபி வடகரை எம்.பி. ஆனதால் தொகுதி காலியானது. கையில் இல்லாததை எப்படி இழப்பது? இடது முன்னணிக்கு மானப் பிரச்சினை, இதே சமயம் இடைத்தேர்தல் வந்திருக்கும் சொந்தத் தொகுதியான சேலக்கரைதான். பாலக்காட்டில், நேற்றுவரை காங்கிரஸில் இருந்த சரினை நிறுத்தி மூன்றாமிடத்திலிருந்து மேலே ஏறப் பார்க்கிறார்கள். ஏறினால் 2026 சட்டசபைத் தேர்தலுக்குத் தெம்பு, இல்லாவிட்டால் கட்சிக்குள் முணுமுணுப்பு.

ஆட்சியே நூலிழையில் தொங்கும்போது கதை வேறு. 2011-இல் முதல்வர் உம்மன் சாண்டியின் காங்கிரஸ் கூட்டணியிடம் இருந்தது 72. அமைச்சர் டி.எம். ஜேக்கப் இறந்ததும் 71. அவரது தொகுதியான பிறவத்தில் 2012-இல் அவர் மகன் வென்று அந்த இடத்தை மீட்டார். அதே ஆண்டில் நெய்யாற்றிங்கரையின் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. செல்வராஜ் பதவி விலகி, காங்கிரஸ் வேட்பாளராக அதே தொகுதியில் நின்று ஜெயித்தார். 73 ஆனபிறகுதான் மூச்சு வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தொகுதியும் உயிர்தான். 2024-இல் அந்த நிலை இல்லை.

பென்ஷன் (2024-இல் 1,600 ரூபாய்) தேர்தல் முடிவைப் பார்த்து வருவதில்லை. கருவூலத்தில் பணம் இருந்தால் வருகிறது. மாதக்கணக்கில் பாக்கி வைத்தார்களே, அப்போது எந்தக் கட்சி எங்கே தோற்றது? அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதைப் பதிவுசெய்வது) முடித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அம்மாவுக்கு 60 ஆகவில்லையென்றால் மறுமணம் செய்யவில்லை என்ற சான்றிதழும் ஆண்டுதோறும் தர வேண்டும். புருஷனை இழந்தவள் வருஷா வருஷம் இதை நிரூபிக்க வேண்டுமாம்! பாக்கி விழுவது வேறு; பென்ஷன் அடியோடு நின்றால் இந்தக் காகிதங்கள் இல்லாததால்தான் இருக்கும்.

கல்பாத்தித் தேருக்காக வாக்குப்பதிவை 2024 நவம்பர் 13-இலிருந்து 20-க்குத் தள்ளியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற வாக்காளர்களுக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.