கீழே வெயில், மலையில் மழை

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். வனத்துறை புதிதாகத் திறந்திருக்கும் மலையேற்றப் பாதைகளில் காளிகேசம் போக ஆசை. ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் நடக்கலாம் என்கிறார்கள். நான், கணவர், 13 வயது மகன், 62 வயது மாமியார். தீபாவளி விடுமுறையில் போகலாமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் தீபாவளிக்கு வேண்டாம். பொங்கல் முடிந்ததும் கிளம்புங்கள்.

காளிகேசம் இருக்கும் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆற்றை நம்ப முடியாது. மலைச்சரிவு செங்குத்து என்பதால், மேலே கொட்டுகிற மழை எங்கும் தங்காமல் நேராகக் கீழே பாய்ந்து வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தது நினைவிருக்கும். அது கோடை மழை. ஆகவே தை மாதமானாலும் முந்தைய இரண்டு நாள் மலையில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டே புறப்படுங்கள். ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள்; காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் தொடங்கிய திட்டம் இது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது அதைப் பாருங்கள். ஆனால் 'எளிது' என்றால் மூச்சு வாங்காது, அவ்வளவுதான். ஆறு அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

அதை ஆறே சொல்லும். தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தால், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் மறையத் தொடங்கினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே எழுந்து மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பையும் பையையும் எடுக்கத் திரும்பாதீர்கள். வேகமாக ஓடும் நீர் கணுக்கால் அளவுக்குச் சற்று மேல் இருந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். வழிகாட்டி 'இங்கே இறங்கலாம்' என்று சொல்லாத இடத்தில் இறங்கவே கூடாது. இறங்கினால் கையில் ஒரு கம்பு, முகம் நீர் வரும் திசையில், முதுகுப் பையின் இடுப்பு வார் கழற்றியபடி.

தண்ணீர் தேடி வருவது நீங்கள் மட்டுமல்ல. ஒரு யானை ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆற்றோர மூங்கில் புதர்களுக்குள் நின்றால் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. நீரின் இரைச்சலில் கிளை ஒடியும் சத்தமும் கேட்காது. அதனால் காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள். ஈரம் காயாத யானை லத்தியைப் பார்த்தால் வழிகாட்டியிடம் காட்டுங்கள். மகன் முன்னால் ஓடக் கூடாது, செல்ஃபிக்காகப் பின்தங்கவும் கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. பிடிப்புள்ள கான்வாஸ் ஷூ போதும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். பாசி படிந்த பாறையில் புது ஷூவும் வழுக்கும் என்பது வேறு விஷயம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும். அட்டைக்கு நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். குடிநீர் கையோடு வேண்டும். ஆற்று நீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது.

மாமியார் விஷயம். வயது பெரிதில்லை, முழங்காலும் சமநிலையும்தான் முக்கியம். வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் இந்தப் பாதை அவருக்குச் சரிவராது. அங்குள்ள காளி கோயில் பக்கம் யாராவது ஒருவர் துணைக்கு இருந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையும். ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், மருத்துவரிடம் ஆற்றில் இறங்கி நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.