மண்டல் காலாவதியா? பாக்கெட்ட பிரிச்சு பார்த்தீங்களா சார்?

கேள்வி: மண்டல் கமிஷன் ரிப்போர்ட் வந்து 40 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவும் 1931 சென்சஸ வச்சு எழுதினது. காலாவதியானத இன்னும் எதுக்கு பிடிச்சு தொங்கணும்? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: காலாவதின்னு சொல்ல முதல்ல பாக்கெட்ட பிரிச்சிருக்கணும்ல சார்? பின்தங்கின சாதிங்க யாரு, அவங்களுக்கு என்ன செய்யணும்னு பார்க்க பி.பி. மண்டல் தலைமையில 1979-ல பிரதமர் மொரார்ஜி தேசாய் ஆட்சி போட்ட கமிஷன், 1980 டிசம்பர் 31 அன்னைக்கு ரிப்போர்ட் கொடுத்தப்போ மொரார்ஜியும் பதவில இல்ல, அவர் கட்சி ஆட்சியும் இல்ல, அப்புறம் அது பாட்டுக்கு அலமாரில கிடந்து 1990 ஆகஸ்ட்ல பிரதமர் வி.பி. சிங் எடுத்தப்போதான் வெளிச்சத்துக்கே வந்துச்சு. எடுத்ததும் என்ன, மத்திய அரசு வேலைல பின்தங்கினவங்களுக்கு 27 சதவீத இடஒதுக்கீடு, அவ்ளோதான். மத்திய அரசு காலேஜ் சீட்டுக்கு சட்டம் வர 2006 ஆயிடுச்சு. கிராமத்துல நிலம் யார் கையில இருக்குங்கறத மாத்தாம வேலை மட்டும் கொடுத்தா போதாதுன்னும் அதுல எழுதியிருக்காங்க, அந்தப் பக்கத்த இன்னைவரைக்கும் எந்தக் கட்சியாவது புரட்டியிருக்கா?

1931 விஷயத்துக்கு வரேன். அது ஓட்டைதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கப்புறம் மண்டல் காலம்வரைக்கும் எல்லா சாதியையும் எண்ணின கணக்க எந்த மத்திய அரசும் வெளியிடலன்னா மண்டல் என்ன பண்ணுவார்? மக்கள்தொகையில பின்தங்கினவங்க 52 சதவீதம்ங்கற கணக்குக்குத்தான் 1931 சென்சஸ். யார் பின்தங்கினவங்கன்னு முடிவு பண்ண தனி சர்வே, மாவட்டத்துக்கு ரெண்டு கிராமம் ஒரு டவுன் பிளாக்னு போய் எடுத்தது, 11 அளவுகோல், மொத்தம் 22 மார்க், அதுல சமூக நிலைக்கு மட்டும் 12, பணங்காசுக்கு வெறும் 4. "ஏழைன்னு பார்த்து கொடுங்க"ன்னு டீக்கடைல பேசறோமே, அதுக்கான பதில் இந்த மார்க்லயே இருக்கு.

எனக்கு அந்த ரிப்போர்ட்ல ரொம்பப் பிடிச்சது எல்.ஆர். நாயக் எழுதின எதிர்ப்புக் குறிப்புதான். கமிஷன்ல இருந்த ஒரே தலித் உறுப்பினர். எல்லாரையும் ஒரே பட்டியல்ல போட்டா பலமுள்ள சாதிங்க முழுசா அள்ளிக்கும், அடிமட்டத்துல இருக்கறவங்கள தனியா பிரிங்கன்னு சொன்னார், யாரும் கேக்கல. பின்தங்கினவங்க பட்டியல உள்ளுக்குள்ள பிரிக்கற அதே விஷயத்துக்குத்தான் 2017-ல நீதிபதி ரோகிணி தலைமையில இன்னொரு கமிஷன் போட்டாங்க, 12 வாரத்துல முடிங்கன்னு சொல்லி. நீட்டி நீட்டி 2023 ஜூலைல முடிச்சாங்க. நாயக் 1980-லயே எழுதி வச்சிட்டார், ஓசில.