பிடிவாதமா, வழியில்லாமையா?

கேள்வி: 2005இல் கத்ரீனா சூறாவளியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. வெளியேறச் சொல்லியும் போகாமல் பிடிவாதம் பிடித்தவர்கள் இறந்ததற்கு அரசைக் குறை சொல்லலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். கட்டாயமாக வெளியேறும்படி மேயர் உத்தரவிட்டது ஆகஸ்ட் 28, ஞாயிறு காலை. மறுநாள் விடியற்காலையில் புயல் கரை ஏறிவிட்டது. முழுதாக ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. கார் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இல்லாதவர்கள்? அதுவும் மாதக் கடைசி. முதல் தேதி வரும் உதவித்தொகையை நம்பிக் காலம் தள்ளுகிறவர்களிடம் வெளியூரில் அறை எடுக்கக் காசு ஏது? அந்த நகரம் இருக்கும் லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 75 வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவர்களையா பிடிவாதக்காரர்கள் என்கிறீர்கள்?

வண்டி வசதி இல்லாதவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் சிக்கிக்கொள்வார்கள் என்று அந்த ஊர் நாளிதழான ‘டைம்ஸ்-பிக்கயூன்’ 2002 ஜூனிலேயே எழுதிவிட்டது. ஐந்து பகுதிகளாக வந்த தொடர் அது. 2004 ஜூலையில் அதிகாரிகளே ‘பாம்’ என்ற கற்பனைப் புயலை வைத்து ஒத்திகை நடத்தினார்கள். 60,000 பேர் வரை சாகக்கூடும் என்று கணக்கு வந்தது. அடுத்த கட்டக் கூட்டங்களோ பணமில்லை என்று தள்ளிப்போயின. ஓராண்டில் நிஜப் புயல் வந்தது. மக்களை ஏற்றிச் சென்றிருக்க வேண்டிய பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே வரிசையாக வெள்ளத்தில் நின்றன. அந்தப் புகைப்படத்தை ஒரு முறை பாருங்கள். பிறகு யாரைக் குறை சொல்வது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த நகரின் 17ஆம் தெருக் கால்வாயில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சுவர், தண்ணீர் அதன் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே சரிந்தது. நீரின் அழுத்தத்தில் இத்தகைய சுவர் சாய்ந்தால் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும் என்பதை, கட்டிய ராணுவப் பொறியாளர் படையே 1980களில் சோதித்துப் பார்த்திருந்தது. அந்தப் பாடம் சுவரின் வடிவமைப்பில் ஏறவில்லை. புயல் முடிந்த மூன்றாம் நாள், கரைகள் உடையும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்றார் அதிபர் புஷ். 2006இல் பொறியாளர் படையின் தலைவரே வடிவமைப்புத் தவறை ஒப்புக்கொண்டார். கட்டியவர்களே ஏற்றுக்கொண்ட பழியை நீங்கள் ஏன் செத்தவர்கள் தலையில் கட்டுகிறீர்கள்?